சம்பந்தியம்மாளுக்கு, உங்கள் மகன் கரையேற்றிய விலாங்குகள் பற்றி

மிச்சிகனில் பெரிய ஏரிக்கரையோரம் குடியிருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தியம்மா மார்லிஸ் அவர்களுக்கு,

க்ளாமத் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஆர்டித் எழுதுவது. நீங்களும், உங்கள் வீட்டுக்காரரும், உங்கள் தேவாலயத்துப் பாட்டுக் குழுவும், இடுப்பெலும்பு மாற்றிக்கொண்ட உங்கள் அக்காவும் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அது அறுபத்துநாலாம் வருஷத்து வெள்ளத்திலிருந்தே சுகமில்லை, அதற்கும் உங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நாய் நன்றாக இருக்கிறது, அதன் வாலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் கோணலாக இராது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பழசைக் கிளறுகிறவள் இல்லை. உங்கள் மகன் டெரிக்குக்கும் என் பேத்தி ட்ரீனாவுக்கும் உங்கள் ஊரில் கல்யாணம் நடந்தபோது, நான் பேருந்து மாறி மாறி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த புகைபோட்ட சால்மன் பாட்டில்களை நீங்கள் சாப்பாட்டு மேசையில் வைக்காமல் குலுக்கல் பரிசுகளோடு கொண்டுபோய் வைத்தீர்கள், அதை உங்கள் பல் டாக்டர் ஜெயித்துக்கொண்டு போனார், அவர் பச்சை டை கட்டியிருந்தார், போகும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தார், அதையெல்லாம் நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். இப்போது எழுதுவது வேறு விஷயம். ட்ரீனா போனை எடுப்பதில்லை. இரண்டு பேரும் உங்கள் வீட்டு மாடியறையில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே உங்கள் மகன் இங்கே வந்து என்ன செய்துவிட்டுப் போனான் என்பதைப் பெற்றவளான உங்களுக்குத் தெரியப்படுத்துவது என் கடமை.

உங்களுக்கே தெரியும், ட்ரீனா படித்தது மீன் படிப்பு. எங்கள் பூர்வகுடி ஜனத்தின் மீன் அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு வேலையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஓடை ஓடையாக நடந்து எந்த மீன் வந்திருக்கிறது, எங்கே முட்டையிட்டிருக்கிறது என்று பார்க்கிற வேலை. தாயில்லாத பிள்ளை, நான் வளர்த்தவள், படிக்கப் போகிறேன் என்று அவ்வளவு தூரம் போனவள் அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டாள். இந்த வசந்தத்தில் வந்து கொஞ்ச நாள் தங்கிப் பார்க்கிறோம் பாட்டி, டெரிக்குக்கு ஊர் பிடித்திருந்தால் வேலைக்குச் சரியென்று சொல்லி இங்கேயே இருந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் மிச்சிகனிலேயே வீடு பார்க்கிறோம் என்று சொல்லித்தான் வந்தார்கள். நான் கெஞ்சவில்லை. பின்னறைக்குப் புது மெத்தை போட்டது பழைய மெத்தை பழசாகிவிட்டதால்தான்.

உங்கள் மகன் வண்டியிலிருந்து சாமான் இறக்கினான், இறக்கினான், இறக்கிக்கொண்டே இருந்தான். மார்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை, இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி நீளமான தூண்டில் கோல்கள், உடம்பெல்லாம் பையாக ஒரு சட்டை. ஒவ்வொரு பையிலும் டப்பா, டப்பாவுக்குள் ரோமமும் இறகும் நூலும் வைத்துக் கட்டின குட்டிக் குட்டிக் கொக்கிகள். அதற்கு ஈ என்று பெயர். ஈ என்றால் பறக்கிற ஈ இல்லை, மீன் பார்த்து ஏமாறுவதற்கான ஈ. எங்கள் வீட்டில் ஸ்டீல்ஹெட் வேண்டுமென்றால், அதுதான் கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்பி வருகிற வெள்ளி நிற மீன், வலை போடுவோம், மீன் வரும், சாப்பிடுவோம். உங்கள் மகன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சாட்டை மாதிரி வீசுகிறான், கயிறு ஆற்றோடு போய் ஓரம் ஒதுங்குகிறது, இரண்டடி கீழே நகர்ந்து மறுபடி வீசுகிறான், காலையில் ஆரம்பித்தால் காப்பிக்குக்கூட வருவதில்லை. என் சித்தப்பா மகன் எமரி, எனக்குத் தம்பி முறை, அவனுக்கு வேலை எதுவும் இல்லாததால் பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தான். "என்ன மாப்ள, ஆத்துக்கு பெயின்ட் அடிக்கிறீங்களா? அந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க" என்றானாம். உங்கள் மகன் சிரித்தானாம். கோபம் வராத ஆள் என்று எமரி வந்து சொன்னான். கோபம் வராத ஆண்பிள்ளையை நான் நம்புவதில்லை, என் வீட்டுக்காரருக்கும் வராது, கடைசி வரைக்கும் அவர் மனசில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாமலே போய்ச்சேர்ந்தார்.

வால் விஷயம் இதுதான். ஒருநாள் காலை உங்கள் மகன் நாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாட்டி, உங்க நாயோட வால் நுனியில இருக்கிற இந்த ஆரஞ்சு நிறம் எந்தக் கடையிலயும் கிடைக்காது. கொஞ்சம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். என்னிடம் கேட்டதோடு விட்டிருந்தால் வேண்டாமென்றிருப்பேன். குனிந்து நாயிடமும் கேட்டான். நாய் நக்கிவிட்டது. அதற்குமேல் நான் என்ன சொல்வது. கத்தரித்தான். அன்றைக்கு மதியமே அந்த வால் முடி ஈயில் ஒரு பெரிய ஸ்டீல்ஹெட் மாட்டிவிட்டது. எமரி மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னதும் நான் வாணலியை அடுப்பில் வைத்தேன், உருளைக்கிழங்கை வேகப் போட்டேன், எமரி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டான், அவன் சாப்பாட்டுக்கு மட்டும்தான் கை கழுவுவான். உங்கள் மகன் வாசலில் வந்து நின்றான், முகமெல்லாம் சிரிப்பு, கையெல்லாம் காலி.

"மீன் எங்கப்பா?"

"போயிடுச்சு பாட்டி."

"அறுத்துக்கிட்டுப் போயிடுச்சா?"

"இல்ல பாட்டி, நான்தான் விட்டேன். ஒரு முத்தம் குடுத்து அனுப்பிட்டேன்."

"நாங்க பிடிக்காத விருந்தாளியக்கூட சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவோம் மாப்ள" என்றான் எமரி. "நீங்க சாப்பாட்டையே அனுப்பிட்டீங்களே."

பண்ணையில் வளர்க்காமல் ஆற்றிலேயே பிறந்த மீனை வெளியூர்க்காரர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் எனக்கும் தெரியும் சம்பந்தியம்மா, அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. முத்தம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். போகட்டும். மேசையில் மீனுக்குப் பதிலாக மீனின் போட்டோ வந்தது. போனை நடுவில் வைத்தான், நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கைச் சாப்பிட்டோம். அப்போதுதான் பார்த்தேன், அந்த மீனின் விலாவில் வட்டமாக ஒரு தழும்பு. கடலில் விலாங்கு வாய் வைத்த தழும்பு. விலாங்கு என்று நாங்கள் சொல்வதைத்தான் உங்கள் பக்கம் லாம்ப்ரே என்கிறீர்கள். தாடை இல்லை, செதில் இல்லை, எலும்பு இல்லை, வட்ட வாய் நிறையப் பல் மட்டும் இருக்கிறதே, அதுதான். அந்தத் தழும்பைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இளகியது. கடலில் இருக்கிறார்கள், பசிக்கிறது, சாப்பிடுகிறார்கள், வளர்கிறார்கள். தூரதேசம் போன பிள்ளை ஒரு ஆளிடம் சேதி சொல்லியனுப்பின மாதிரி இருந்தது. நான் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது.

உங்கள் மகனோ அதைத் தொட்டுக் காட்டி, "பாத்தீங்களா பாட்டி, இந்தச் சனியன் உங்க ஆத்துக்கும் வந்துடுச்சு" என்றான். பிறகு ஆரம்பித்தான். உங்கள் ஏரிக்கு அது எப்படி வெட்டிவிட்ட கால்வாய் வழியாக வந்தது, எப்படி ஏரி மீனையெல்லாம் உறிஞ்சித் தீர்த்தது, அவன் தாத்தா எப்படி வலை நிறைய ஓட்டை விழுந்த மீனாக இழுத்து இழுத்துக் கடைசியில் படகைக் கரையில் கவிழ்த்துவிட்டு, பிறகு ஏரிப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே செத்துப்போனார், பள்ளிக்கூடத்தில் எப்படிச் சின்னப் பிள்ளைகளுக்கே படம் போட்டுக் காட்டி, கண்டால் விடாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள் என்றெல்லாம் சொன்னான். தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரல் மாறியது. அதை நான் கவனித்தேன். எங்கள் விலாங்கு அந்த ஜாதி இல்லை, இந்த ஆறு உண்டான நாளிலிருந்து சால்மனோடும் ஸ்டீல்ஹெட்டோடும் கூடவே இருப்பது, கடலில் சாப்பிடுவதோடு சரி, ஆற்றுக்குள் வரும்போதே சாப்பாட்டை விட்டுவிட்டு வருவது என்று சொல்ல எமரி வாயைத் திறந்தான். மேசைக்கடியில் ட்ரீனா அவனை உதைத்தாள். அது என் கெட்ட முழங்காலில் வந்து விழுந்தது. "டெரிக், இன்னொரு கிழங்கு போட்டுக்க" என்றாள். எமரி என்னைப் பார்த்தான். நான் என் தட்டைப் பார்த்தேன். பேச வேண்டியவள் பேசவில்லையென்றால் நான் எதற்குப் பேச வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் ஓடையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாக்கி புரியாது. என் வீட்டுக்கு மேலே, வண்டியில் போகிற தூரத்தில், ஆற்றில் வந்து விழுகிற ஓடை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ரோடு போடுகிறேன் என்று வந்தவர்கள் அதை ஒரு இரும்புக் குழாய்க்குள் அடைத்துவிட்டார்கள். சால்மன் எகிறிக் குதித்துப் போய்விடும். விலாங்கு குதிக்காது. வாயால் பாறையைப் பற்றும், உடம்பை இழுக்கும், மறுபடி பற்றும், அருவியைக்கூட அப்படித்தான் ஏறும். ஆனால் அந்தக் குழாயின் விளிம்பு கத்தி மாதிரி. பற்ற இடமில்லாமல் விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். நானும் என் அம்மாவும் கரையில் நின்று பார்த்தோம். சில வருஷம் வந்து பார்த்தன, பிறகு வருவதை விட்டுவிட்டன. நாங்கள் விடவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அம்மா போய் நிற்பாள், அவள் போனபிறகு நான் போய் நிற்கிறேன். குழாய் போட்ட மேஸ்திரியின் பெயர், அவன் வண்டி நிறம், அவன் பெண்டாட்டி பெயர் எல்லாம் எனக்குத் தெரியும். போன வருஷம்தான் குழாயைப் பிடுங்கிவிட்டு ஒரு சின்னப் பாலம் கட்டினார்கள். இந்த வருஷம், உங்கள் மகன் வருவதற்குக் கொஞ்சநாள் முன்பு, எமரி வண்டியின் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தான். "அக்கா, ஏறுங்க. செருப்பெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்."

வந்திருந்தன, சம்பந்தியம்மா. கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தன. கை கிடையாது பாருங்கள், வாயால் கல்லைப் பற்றி, தண்ணீர் இழுக்க இழுக்க உடம்பையெல்லாம் வளைத்து அந்தக் கல்லை ஒரு ஓரமாகக் கொண்டுபோய் வைக்கிறது, திரும்பி வந்து அடுத்த கல்லை எடுக்கிறது, நடுவில் ஒரு கிண்ணம் மாதிரி இடம் பண்ணுகிறது. முட்டையிட. நான் ஒன்றையும் தொடவில்லை. நாங்கள் சாப்பிடுவது கடல்வாயில் அலையோடு உள்ளே வரும்போது கொக்கி போட்டு இழுக்கிற கொழுத்த விலாங்கு. இது குடித்தனம் வைக்க வந்த விலாங்கு, அதைப் போய் யார் தொடுவார்கள். நான் வெறுங்காலோடு நின்றுகொண்டே இருந்தேன், எமரி போகலாம் என்று சொல்லவே இல்லை, அவன் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் ட்ரீனாவுக்குப் போன் செய்தேன். "அப்படியா பாட்டி, ரொம்ப சந்தோஷம் பாட்டி" என்றாள். பக்கத்தில் உங்கள் மகன் யாரென்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "ஒண்ணுமில்ல, பாட்டி சும்மா பேசறாங்க" என்றாள். அதையும் கேட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போட்டோ சாப்பிட்ட மறுநாள் காலை ட்ரீனா ரொட்டி வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். உங்கள் மகன் முழங்கை வரை ஈரத்தோடு வந்து நின்றான். "பாட்டி, கொஞ்சம் வாங்க, உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன்" என்றான். முழங்கால் நோகுமே என்று எமரியின் வண்டி சீட்டில் தலையணை வைத்தான், கையைப் பிடித்து இறக்கினான், இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால் நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறவள். எமரியும் வந்தான், ஆச்சரியம் என்றால் தின்பண்டமாக இருக்கும் என்று நினைத்தான். ஓடைக்கரையில் புல்லின் மேல் என் விலாங்குகள் கிடந்தன. சிலதைக் கல்லால் தலையில் அடித்திருந்தான். மற்றதைச் சும்மா தூக்கிப் போட்டிருந்தான், காய்ந்து சாகட்டும் என்று.

"உங்க ஓடைய சுத்தம் பண்ணிட்டேன் பாட்டி. இனிமே உங்க மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

எமரி தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில்கூட அவன் சாப்பாடு போடும்வரை தொப்பியைக் கழற்றியதில்லை. தின்ன வேண்டிய மீனை முத்தம் கொடுத்து அனுப்பிவிட்டு, தொடக்கூடாததை அடித்துப் போட்டுவிட்டு, நல்லது செய்தேன் என்று ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றால் அவனை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த திட்டு எதுவும் அதற்குப் பொருந்தவில்லை, நிறையத் தெரியும் எனக்கு. அந்த நேரத்தில் டவுனிலிருந்து திரும்பிய ட்ரீனா பாலத்தருகே எங்களைப் பார்த்துவிட்டு ரொட்டியோடு வந்து இறங்கினாள், பார்த்தாள், ரொட்டியைக் கீழே போட்டாள்.

"என்ன டெரிக் பண்ணின?"

"லாம்ப்ரே, ட்ரீனா. உன் பாட்டி ஓடையில நிறைய இருந்துச்சு."

"அது வர்றதுக்காகத்தான் பாட்டி காத்துக்கிட்டிருந்தாங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து."

"எது வர்றதுக்கு?"

"இதுதான் டெரிக். இதுதான்."

உங்கள் மகன் கீழே கிடந்ததைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சட்டென்று இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினான். அவன் ஸ்டீல்ஹெட்டை விடுகிற விதம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, வாலைப் பிடித்து, தலையைத் தண்ணீர் வருகிற பக்கம் வைத்து, மூச்சு வரும்வரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பான். அதே மாதிரி செத்த விலாங்கைப் பிடித்து ஆட்டுகிறான், ஆட்டிக்கொண்டே "ப்ளீஸ், ப்ளீஸ்" என்கிறான். "மாப்ள, செத்ததுக்கு நீச்சல் சொல்லித்தராதீங்க, அசையறத மட்டும் எடுத்து விடுங்க, அதுங்க லேசுல சாகாது" என்று எமரி கத்தினான். பிறகு எல்லோரும் சேர்ந்து புல்லைத் துழாவினோம், நானும் குனிந்தேன். அசைந்ததையெல்லாம் தண்ணீரில் விட்டோம். விட்டதில் ஒன்று நேராகப் போய் உங்கள் மகனின் ரப்பர் கால்சட்டையில், தொடையில், வாயை வைத்து ஒட்டிக்கொண்டது. சின்ன வயசிலிருந்து அவனுக்குச் சொப்பனத்தில் வந்தது அதுதான் என்று பிறகு ட்ரீனா சொன்னாள்.

"எடுத்து விடட்டுமா மாப்ள?"

"வேணாம்."

"தண்ணி ஐஸ் மாதிரி இருக்குமே."

"அதுக்குக் களைப்பா இருக்கும். அதுவா விடட்டும்."

நின்றான். உதடு நீலமாகும்வரை நின்றான். அது விட்டுவிட்டுப் போன பிறகும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். இதை நான் புகழ்ச்சிக்காக எழுதவில்லை.

செத்ததை வீணாக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, அறுத்து, வாணலியில் போட்டேன். எமரி வாடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், உங்கள் மகன் வந்து மேசை முன்னால் நின்றான். "நான் கொன்னது பாட்டி. நான்தான் சாப்பிடணும்." ட்ரீனா, "உனக்கு வாந்தி வரும், பேசாம இரு" என்றாள். "வந்தா வரட்டும்" என்று முள்கரண்டியை எடுத்தான். எமரி தட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். எங்கள் குடும்பத்தில் ஒரு முறை இருக்கிறது. ஒருவன் முதன்முதலில் பிடிக்கிற விலாங்கை அவன் ருசிக்கவே கூடாது, மூத்தவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். நல்லபடியாகப் பிடித்தாலும் சரி, இந்த மாதிரி பிடித்தாலும் சரி, முதலாவது முதலாவதுதான். ஆகவே தின்ன வந்தவனை உட்காரவைத்துவிட்டு அவன் முன்னாலேயே நான் தின்றேன். கொழுப்பு வற்றிப்போன விலாங்கு. எமரி ஒரு வாய் வைத்துவிட்டு, "செருப்பு வார் மாதிரி இருக்கே அக்கா" என்று ஒதுக்கிவிட்டான். எனக்கு அப்படியில்லை. எங்கள் ஓடைத் தண்ணீரின் ருசி அடியில் இருந்தது, அம்மாவின் கைவாடை அதில் எங்கேயோ இருந்தது, மெல்ல மெல்ல வந்தது, நான் மென்றுகொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால். அன்றைக்கு வெங்காயமே போடவில்லை என்று எமரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், அவன் பேச்சை நம்ப வேண்டாம்.

தட்டைத் துடைத்து முடித்ததும் எமரி கையைத் தட்டிச் சிரித்தான். "அக்கா, முழுசா தின்னுட்டீங்க! வாங்கித் தின்னவங்கதானே பொறுப்பு? இனிமே கடல்வாயில மாப்ள அலைக்குள்ள இறங்குனா பின்னாடி மணல்ல நின்னு 'அலை வருது, ஓடிவா'ன்னு நீங்கதான் கத்தணும். உங்க தொண்டைக்கு ஒரு வேலை வந்துடுச்சு." அதுவும் எங்கள் முறைதான், முதல் விலாங்கை வாங்கித் தின்ற மூத்தவர்தான் அதன்பிறகு அவனுக்குக் காவல் நிற்க வேண்டும். கோபத்தில் எனக்கு அது மறந்துபோயிருந்தது. உங்கள் மகன் ஒன்றும் புரியாமல், "நான் திரும்பப் பிடிக்கலாமா பாட்டி?" என்று கேட்டான். நான் ட்ரீனா பக்கம் திரும்பினேன்.

"ஏன்டி, உன் பாட்டி வீட்டுல என்ன திம்பாங்கன்னு உன் புருஷனுக்கு நீ சொன்னதே இல்லயா?"

"சொல்லியிருக்கேன். சால்மன்னு சொன்னேன்."

"விலாங்கு?"

"காலேஜுக்கு நீங்க அனுப்புன விலாங்கு பாட்டில நான் திறந்தப்போ, கூட இருந்தவ மூக்கப் பொத்திக்கிட்டு அதை ஜன்னல் வழியா வெளிய வீசிட்டா பாட்டி. அப்புறம் நான் யாருகிட்டயும் அதைப் பத்திப் பேசினதில்ல."

"ரொம்ப ருசியா இருந்துச்சுன்னு எனக்குப் போன்ல சொன்னியே?"

"வேற என்னத்தச் சொல்றது?"

"அவ பேரு என்ன?"

"யாரு பேரு?"

"வீசினாளே, அவ பேரு."

"பாட்டி, இப்ப அதுவா முக்கியம்?"

"பேரச் சொல்லுடி."

"பெத்தனி."

"எந்த ஊரு?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் நிறுத்தியிருக்கலாம், ஆனால் வாய் திறந்துவிட்டது. "அவ பாட்டிலத்தான் வெளிய வீசினா. நீ என்னையில்ல உள்ள வச்சுப் பூட்டிட்ட" என்றேன். "நான் இங்க வந்து இருந்தா இதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவீங்க பாட்டி, சாகுற வரைக்கும்" என்றாள். "ஆமா, காட்டுவேன்" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. உங்கள் மகன் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மறுநாள் நான் மூத்தவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டு வந்தபோது வண்டி இல்லை. பின்னறையில் போர்வை மடித்திருந்தது. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீடு எப்படியிருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பின்னறைக் கதவைச் சாத்தினால் நாய் சுரண்டுகிறது. திறந்தால் போய் மெத்தையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. போன் அடித்தால் எமரியாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் கார்க் கதவு சாத்தினால் நான் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்திருக்கிறேன், பிறகு மறுபடி பற்றவைக்கிறேன். ஓடைக்குப் போனேன். மிஞ்சினவை மறுபடி கல் தூக்கிக்கொண்டிருந்தன. கலைத்துப்போட்ட இடத்திலேயே, அதே கிண்ணத்தைத் திரும்பப் பண்ணுகின்றன. யார் செய்தது, எதற்குச் செய்தது என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு அந்த மாதிரி முடியாது, எனக்கு எலும்பு இருக்கிறது.

ஆகவே சம்பந்தியம்மா, இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், எனக்கு இங்கே யாரும் தேவையில்லை. உங்கள் மகனையும் என் பேத்தியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஏரிக்கரையில் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுங்கள். முறைப்படி அவன் இப்போது என் பொறுப்பு, அந்தப் பொறுப்பை உங்களிடமே திருப்பித் தருகிறேன். அவனுக்கு ரப்பர் கால்சட்டைக்குள் கம்பளி போட்டுவிடுங்கள், சளி பிடிக்கிற உடம்பு. மீன் அலுவலகத்துக்கும், அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளுங்கள் என்று போன் செய்து சொல்லிவிட்டேன். விஷயம் அத்தோடு தீர்ந்தது.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உங்கள் ஏரியில் மீன் பெருகட்டும், உங்கள் அக்காவின் புது இடுப்பு பழைய இடுப்பைவிட நன்றாக உழைக்கட்டும், பிள்ளைகள் சண்டையில்லாமல் இருக்கட்டும். பல் டாக்டருக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத உங்கள் சம்பந்தி,
ஆர்டித்

பின்குறிப்பு: இதை உறையில் போடுமுன் எமரிக்குப் படித்துக் காட்டினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலை விஷயத்துல மட்டும் நடந்தத எழுதுங்க அக்கா" என்கிறான். சரி. அலுவலகத்துக்குப் போன் செய்தது உண்மை. வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லத்தான் எடுத்தேன். எடுத்தது, பிறந்த நாளிலிருந்தே எனக்குத் தெரிந்த ஒரு பையன்தான். "யாரு பேசறது?" என்று கேட்டான். வாயில் "ட்ரீனா" என்று வந்துவிட்டது. குரலைக் கொஞ்சம் மெல்லிசாக்கி, அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை வேலையில் சேருகிறேன், புருஷனுக்கும் ஓடையில் ஏதாவது வேலை இருந்தால் பாருங்கள், தண்ணீரில் அசையாமல் நிற்பான் என்று சொல்லிவிட்டேன். "சரிங்க பாட்... சரிங்க ட்ரீனா" என்றான். பெயர் எழுதியாயிற்று, சீருடைச் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டேன். இது தெரிந்தால் அவளுக்கு என்மேல் பயங்கரமாகக் கோபம் வரும். போனில் கத்தினால் எனக்குக் காது கேட்காது என்று சொல்லுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும், நேரில் வந்து கத்தட்டும். அவனையும் கூட்டிக்கொண்டு வந்து கத்தட்டும்.